இடுப்பு வலிக்கும் நாய்க்குப் பிடித்துவிடுவது எப்படி? தோளிலிருந்து தொடங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கம் வீடுகள் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். கேட்டிலிருந்து வாசலுக்கு வரவே பல வீடுகளில் படி ஏற வேண்டும். காவலுக்கென்று நாம் விரும்பி வளர்க்கிற ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர், லாப்ரடார் மூன்றுமே இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளரும் கோளாறு அதிகம் வருகிற இனங்கள். வயதாக ஆக அந்த மூட்டு தேயும். ஜூன், ஜூலை மாதக் குளிர்காலக் காலைகளில் நாய் எழுந்து நிற்கவே சிரமப்படும்.

எங்கள் ராணி அப்படிப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்டுதான். டாக்டர் கொடுத்த மருந்தோடு தினமும் சாயங்காலம் பிடித்துவிட ஆரம்பித்த பிறகு, காலையில் எழுந்ததும் வைக்கிற முதல் சில அடிகளில் இருந்த விறைப்பு நன்றாகக் குறைந்தது. தேய்ந்த மூட்டை நம் கை சரிசெய்யாது. மூட்டைச் சுற்றி இறுகிப்போன சதையைத் தளர்த்தும். வயதான நாய்க்கு அதுவே பெரிய ஆறுதல்.

கை வைக்கும் முன்

நொண்டுகிற நாயெல்லாம் மூட்டுவலி நாய் அல்ல. நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிலியரி. உண்ணி கடித்து வருகிற இந்த நோயிலும் நாய் சோர்ந்து, நடக்க மனமில்லாமல் படுத்தே கிடக்கும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. நாயின் இயல்பான உடல் சூடு சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நமக்குக் காய்ச்சல் என்கிற சூடு அதற்கு இயல்பு என்பதால், தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆசனவாயில் வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

காய்ச்சல், திறந்த புண், புதிதாக வந்த வீக்கம், தெரியாத கட்டி, எலும்பு முறிவு என்ற சந்தேகம், திடீரென்று பின்னங்கால் இழுத்துக்கொண்டது, இவற்றில் எது இருந்தாலும் பிடித்துவிடக் கூடாது. மூட்டுத் தேய்மானம்தான் என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே கீழே உள்ளதைத் தொடங்குங்கள்.

தேவையானவை

வழுக்காத விரிப்பு ஒன்று, பழைய துண்டு ஒன்று, வெட்டிய நகம் உள்ள இரண்டு கைகள். அவ்வளவுதான். விரிப்புக்கு என் சிபாரிசு, அடியில் ரப்பர் ஒட்டிய தடித்த பாய். மெத்தென்ற பஞ்சு மெத்தை வேண்டாம். நாய் அதில் புதைந்துபோகும், எழும்போது இடுப்பு இன்னும் வலிக்கும். கடையில் விற்கிற அதிர்வு மசாஜ் கருவிகளை நான் தொடுவதில்லை. நாய் எங்கே சுளிக்கிறது என்பது விரலுக்குத் தெரியும், கருவிக்குத் தெரியாது.

எண்ணெயும் வேண்டாம். உடம்பு வலி என்றாலே நல்லெண்ணெயைச் சூடு பண்ணுகிற வீடுகள் நம்முடையவை. ஆனால் நாய் அதை நக்கித் தீர்க்கும், மிச்சத்தில் மண் ஒட்டும். தைலம், வலிநிவாரண களிம்பு, டீ ட்ரீ எண்ணெய் எதையும் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள். நக்கினால் உள்ளே போய் விஷமாகும்.

படி 1: சூடு

நாய் சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். துண்டை வெதுவெதுப்பான நீரில் பிழிந்து, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுகமாக இருந்தால் நாயின் இடுப்பின் மேல் பத்து நிமிடம் போடலாம். முடித்ததும் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

படி 2: நீவுதல்

நாய் தானாகப் படுக்கட்டும், பிடித்து அமுக்கிப் படுக்கவைக்காதீர்கள். உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, கழுத்திலிருந்து வால் பக்கமாக, முடி படிந்திருக்கிற திசையிலேயே மெதுவாக நீவுங்கள். ஒரு கை எப்போதும் உடம்பின் மேலேயே இருக்கட்டும். மூச்சு நீளமாகி, பின்னங்கால் தளர்ந்து ஒரு பக்கமாகச் சரிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: தோள்

எனக்குப் பிடிபட நாள் எடுத்தது இந்த இடம்தான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

இடுப்பு வலி என்றால் கை நேராக இடுப்புக்குத்தான் போகும். அங்கே தொட்டால் நாய் எழுந்து போய்விடும், நாமும் இதற்கு இது ஒத்துவராது என்று விட்டுவிடுவோம். நாயின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் சாதாரணமாகவே தாங்குகின்றன. பின்பக்கம் வலிக்கிற நாய் அந்த வலியிலிருந்து தப்பிக்க இன்னும் அதிக பாரத்தை முன்னால் தள்ளும். மாதக்கணக்கில் அப்படியே நடந்தால் கழுத்தும் தோளும் இறுகிப்போகும். தேய்மானம் பின்னால், இறுக்கம் முன்னால்.

நாயை ஒரு பக்கமாகப் படுக்கவிட்டு, தோள்பட்டை எலும்பைத் தொட்டுக் கண்டுபிடியுங்கள். அதற்கும் முழங்கைக்கும் நடுவே, பின்பக்கமாகத் திரண்டு ஒரு பெரிய சதை இருக்கும். நான்கு விரல்களை ஒரு பக்கமும் கட்டைவிரலை மறுபக்கமும் வைத்து அதை மெல்ல எடுத்து, அழுத்தி, விடுங்கள். எவ்வளவு அழுத்தம்? கண்ணை மூடிக்கொண்டு இமைமேல் விரல் வைத்து, உறுத்தாத அளவு எதுவோ அதுதான் ஆரம்பம். தளர்ந்த சதை விரலுக்கு நடுவே உருண்டு நழுவும். இறுகிய சதை கயிறுபோல விறைத்து நிற்கும், சில சமயம் மேல்தோல் சிலிர்த்து அடங்கும். அந்தக் கயிற்றைத் தேய்க்காதீர்கள். அதன் மேல் விரலை வைத்து, அசையாமல், நாய் மூன்று நான்கு மூச்சு விடும்வரை காத்திருங்கள். பல நேரம் விரலுக்கு அடியிலேயே அது இளகுவது தெரியும். ராணி அந்த நிமிடத்தில் தலையைத் தரையில் சாய்த்துப் பெருமூச்சு விடுவாள். பிறகு கழுத்தின் பக்கவாட்டுச் சதையையும் இதே மாதிரி செய்யுங்கள். தொண்டைப் பக்கம் வேண்டாம்.

முதல் சில நாட்கள் இந்தப் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடுப்பைப் பிசையவே வேண்டாம்.

படி 4: முதுகு, தொடை

முதுகெலும்பின் இருபக்கமும் நீளமாக ஓடுகிற சதையில் சின்னச் சின்ன வட்டமாக விரலை நகர்த்துங்கள். எலும்பின் மேல் அழுத்தவே கூடாது. பிறகு தொடைக்கு வாருங்கள். முன்தொடை, பின்தொடை இரண்டையும் தோளுக்குச் செய்தபடியே, ஆனால் பாதி அழுத்தத்தில். இரண்டு தொடையையும் இரு கையால் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று மெலிந்திருந்தால், அந்தக் காலை நாய் குறைவாக ஊன்றுகிறது என்று பொருள். டாக்டரிடம் சொல்ல வேண்டிய தகவல் அது. மூட்டின் மேலேயே அழுத்தாதீர்கள், மேலும் கீழும் உள்ள சதைதான் நம் வேலை.

காலை மடக்கி நீட்டுகிற பயிற்சியை இங்கே வேண்டுமென்றே சேர்க்கவில்லை. பிராணிகளுக்கான பிசியோதெரபிஸ்ட் நேரில் கைபிடித்துக் காட்டாமல் அதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கடைசியில் படி 2-இல் செய்ததுபோலவே நீவி முடியுங்கள். சூடு வைக்கிற நேரம் போக, மொத்தமும் பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும்.

எப்போது கையை எடுப்பது

பல்லைக் காட்டும்வரை காத்திருக்காதீர்கள். உதட்டை நக்குவது, திரும்பி உங்கள் கையைப் பார்ப்பது, கண்ணின் வெள்ளை தெரிவது, மூச்சை அடக்கி விறைப்பது, எல்லாம் ‘போதும்’ என்பதன் அடையாளம். கையை எடுங்கள். எழுந்து போனால் போகட்டும். போகவிட்டால்தான் நாளைக்குத் தானாக வந்து பக்கத்தில் படுக்கும். இந்த அடையாளங்களைக் கவனிக்கத் தெரியாது என்பதால்தான் குழந்தைகளைத் தனியாக இதைச் செய்ய விடுவதில்லை.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை

நாய் முனகுகிறதே என்று வீட்டு அலமாரியிலிருந்து மாத்திரை கொடுக்கிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. இப்யூப்ரோஃபென் நாய்க்கு வயிற்றுப்புண்ணும் சிறுநீரகச் சேதமும் தரும். தலைவலிக்கு நாம் போடுகிற கிராண்ட்பா பவுடரில் ஆஸ்பிரின், பாராசிட்டமால், காஃபின் மூன்றும் இருக்கின்றன. எதையும் நாய் தாங்கிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். நாய்க்கென்றே வலி மருந்துகள் உண்டு. அவற்றையும் எடை பார்த்து டாக்டர்தான் அளந்து தர வேண்டும்.

எடையும் முக்கியம். 48 லாப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்து 2002-இல் வெளிவந்த ஆய்வில், 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் நடு ஆயுள் (பாதி நாய்கள் எட்டிய வயது) 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. பிரியாணியில் மிஞ்சிய கறியைத் தட்டோடு கீழே வைக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து ஒரு அக்கா, தன் டாஷ்ஹவுண்டு முதுகை வளைத்து நடுங்குகிறது, பிடித்துவிடலாமா என்று எழுதியிருந்தார். கூடாது அக்கா. நீண்ட முதுகுள்ள அந்த இனத்துக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு பிதுங்குவது சகஜம். அழுத்தினால் கால் செயலிழந்துபோகலாம். தூக்கும்போது முதுகு வளையாமல் தாங்கி உடனே டாக்டரிடம் போங்கள்.

தீபாவளி இரவில் செய்யலாமா என்று டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு தம்பி கேட்டார். வெடிச்சத்தத்துக்கு நடுங்குகிற நாயைப் பிசையாதீர்கள். அது உங்கள் அருகில் வந்தால் நெஞ்சின் பக்கவாட்டில் கையை அசையாமல் வைத்துப் பக்கத்திலேயே உட்காருங்கள். மறுநாள் தோளைத் தொட்டுப் பாருங்கள், இரவெல்லாம் விறைத்திருந்த சதை நன்றாகவே இறுகியிருக்கும். படி 3 அன்றைக்குத்தான் மிகவும் பயன்படும்.

பலன் தெரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அதிகம் பேர் கேட்டது. வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், காலையில் எழுந்ததும் நாய் நடப்பதை போனில் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் படம்பிடியுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. டாக்டரிடம் போகும்போது அந்தப் படங்களைக் காட்டுங்கள். அங்கே பயத்தில் நேராக நடந்துவிடுகிற நாய், வீட்டில் எப்படி நடக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரியும்.