சிறு கரிம அமிலங்களை அளக்கும்போது பிரிகைக் குழாயை முதலில் கவனியுங்கள்

லாக்டிக், சக்சினிக், மாலிக், சிட்ரிக் போன்ற சிறு கரிம அமிலங்களை நீர்ம நிறப்பிரிகையும் (பொருள்களைப் பிரிகைக் குழாய் வழியே செலுத்தி, வெளிவரும் நேரத்தால் பிரிப்பது) நிறைமாலைமானியும் (அயனிகளை நிறையால் அடையாளம் காண்பது) இணைந்த கருவியில் அளக்க முற்படுபவர்கள், நிறைமாலைமானி காட்டும் எண்ணையே முழுவதுமாக நம்பிவிடுகிறார்கள். இந்த அமிலங்களைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை ஆபத்தானது. சிட்ரிக் அமிலமும் ஐசோசிட்ரிக் அமிலமும் எதிர்மின் அயனியாக 191 என்ற ஒரே இடத்தில்தான் தெரியும் (இங்கே வரும் இத்தகைய எண்கள் அயனியின் நிறை-மின்னூட்ட விகிதங்கள், அதாவது m/z). சக்சினிக், மெத்தில்மலோனிக் அமிலங்கள் இரண்டும் 117 இல் தோன்றுவதோடு, கார்பன் டை ஆக்சைடை இழந்து 73 என்ற ஒரே துண்டையும் தரும். மாலிக் அமிலம் (133) இன்னும் நுட்பமாக ஏமாற்றும்: மூலக்கூறுகளை அயனிகளாக்கும் பகுதியான அயனி மூலத்திலேயே நீர் மூலக்கூறு ஒன்றை இழந்து 115 ஆகி, ஃபியூமாரிக் அமிலத்தைப் போலவே தெரியும். இவற்றை வேறுபடுத்த, பிரிகைக் குழாயிலிருந்து வெளிவரும் நேரமே வழி. ஆகவே மாலிக் அமிலத்தை மட்டும் தனியாகச் செலுத்தி, 115 இல் முகடு எழுகிறதா, எழுந்தால் அது ஃபியூமாரிக் அமிலத்தின் நேரத்திலிருந்து விலகி நிற்கிறதா என்று தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

நீரை விலக்கும் நீண்ட கார்பன் சங்கிலிகள் பூசிய சாதாரண சி18 பிரிகைக் குழாயில் இவை நிற்காமல் உப்புகளோடு சேர்ந்து வெளியேறிவிடும். உப்பு அயனியாக்கத்தை அடக்கும். முழு நீரைத் தாங்கும் வகைக் குழாயைத் தேர்ந்து, 0.1% ஃபார்மிக் அமிலம் கலந்த நீரில் தொடங்கினால், பெரும்பாலான அமிலங்கள் மின்னூட்டம் குறைந்து சற்று நிலைத்து நிற்கும். எதிர்மின் முறையில் ஃபார்மிக் அமிலம் சமிக்ஞையை ஓரளவு குறைத்தாலும், பிரிப்பில் கிடைக்கும் நன்மையே பெரிது என்பது என் கருத்து. சிட்ரிக் அமிலத்தின் முகடு மட்டும் வால் நீண்டு வந்தால், அது எஃகுப் பாகங்களின் உலோகத்தைப் பற்றிக்கொள்கிறதா என்று ஐயப்படுங்கள். பீக் பிளாஸ்டிக் குழாய்கள் பெரிதும் உதவும். 59 இல் தெரியும் அசிட்டிக் அமிலத்தை நேரடியாகத் துரத்துவதைவிட, அமிலத்தை வினைக்குத் தூண்டும் கார்போடைஇமைடு துணையுடன் 3-நைட்ரோஃபீனைல்ஹைட்ரசீனோடு வினைபுரியச் செய்து 194 இல் அளப்பதே மேல்.

உயிரியல் மாதிரிகளின் புரதத்தைக் குளிர்ந்த மெத்தனாலால் வீழ்படிவாக்குங்கள். மூன்று கார்பன்-13 அணுக்கள் கொண்ட லாக்டிக் அமிலத்தை (92) அதற்கு முன்பே சேர்த்தால்தான் இடையில் நேரும் இழப்பு சரிசெய்யப்படும். பிறகு மாதிரியை உலர்த்தி நீரில் கரைத்துச் செலுத்துங்கள். மெத்தனாலிலேயே செலுத்தினால் முன்னே வரும் முகடுகள் சிதையும். ஆவியாகும் அசிட்டிக் அமிலத்துக்கு இந்த உலர்த்தல் பொருந்தாது. வியர்வையில் லாக்டிக் அமிலம் உண்டு என்பதால், கையுறையின்றித் தொட்ட ஒரு சிறு குப்பியின் விளிம்பே அளவைக் கெடுக்கப் போதும். எனவே அளக்க வேண்டிய பொருள் சேர்க்காத வெற்று மாதிரியும் இதே குப்பிகளில், இதே கரைப்பான்களுடன், எல்லாப் படிகளையும் கடந்து வரவேண்டும். அதில் 89 இல் முகடு இருந்தால், அதன் மூலத்தைக் கண்டுபிடிக்கும் வரை அன்றைய லாக்டிக் முடிவுகளை எழுதாதீர்கள்.