555 ஐசியை வைத்து 12 வோல்ட் பேன் வேகத்தைக் குறைக்க

சுங்கை சிப்புட்டில் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கடை போடும் எங்கள் மாமா காடி (கார்) பேட்டரியில் பேன் ஓட்டுகிறார், அது சுற்றுகிற வேகத்தில் அடுப்பே அணைந்துவிடும். ரெசிஸ்டர் போட்டுக் குறைக்கலாம், ஆனால் அது சூடாகி பேட்டரியைத்தான் தின்னும். கரண்டை வேகமாக விட்டுவிட்டுக் கொடுப்பதே சரி, அதுதான் பல்ஸ் விட்த் மாடுலேஷன். 1972-இல் விற்பனைக்கு வந்த 555 என்ற டைமர் ஐசி (நேரக் கணக்கில் கரண்டை விட்டுவிட்டுத் தரும் சிப்) இதற்கு இன்றும் தாராளம்.

ஐசியின் 4, 8 கால்கள் பேட்டரியின் பாசிட்டிவுக்கு, 1 நெகட்டிவுக்கு. 2-ஐயும் 6-ஐயும் சேர்த்து, அங்கிருந்து நெகட்டிவுக்கு 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர். 5-க்கும் அதே மாதிரி ஒன்று. 7 சும்மா இருக்கட்டும். 100 கிலோ ஓம் வால்யூமின் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) நடுக்காலை 1 கிலோ ஓம் வழியாக 3-இல் கட்டுங்கள், ஓரக்கால்கள் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு 1என்4148 டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது), ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில், 2-6 சந்திப்புக்கு.

கெப்பாசிட்டர் ஒரு டையோடு வழியாக நிரம்பி மற்றதன் வழியாக வடிகிறது, வால்யூமைத் திருப்பினால் ஒரு பக்கம் கூடும் அளவுக்கு மறுபக்கம் குறைவதால் வேகம் மாறும், அதிர்வெண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். கணக்குப்படி சுமார் 1.4 கிலோஹெர்ட்ஸ், அதனால் மோட்டார் லேசாக முனகும், பயப்பட வேண்டாம்.

அப்புறம் 3-இலிருந்து 100 ஓம் வழியாக ஐஆர்எஃப்இசட்44என் மோஸ்ஃபெட்டின் (பேனை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) கேட்டுக்கு. சோர்ஸ் நெகட்டிவுக்கு, ட்ரெயின் பேனின் நெகட்டிவுக்கு, பேனின் பாசிட்டிவ் நேராக பேட்டரிக்கு. பேனுக்குக் குறுக்கே 1என்5819 டையோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவில். இதை மறந்து நான் ஒரு மோஸ்ஃபெட்டைச் சாகடித்தேன். பிரஷ் மோட்டார் பேனுக்குத்தான் இது, கம்ப்யூட்டர் பேனுக்கு ஒத்துவராது.