போனதாக நினைத்த வீசிங் திரும்பி வரும்போது செய்யும் தவறுகள்

எனக்கு 12 வயதில் வீசிங் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் நம்பினேன். 33 வயதில், ஒரு மார்கழி மாதம், விடிகாலை 3 மணிக்கு இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தபோது ஆஸ்துமா என்ற சொல்லே நினைவுக்கு வரவில்லை. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அப்புறம் ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவைச் சந்தேகப்பட்டேன். 3 மாதம் இருமல் மருந்து, நடுவில் 2 முறை ஆன்டிபயாடிக். கடைசியாகப் போன நுரையீரல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "சின்ன வயசுல வீசிங் இருந்துச்சா?" "இருந்துச்சு சார், சரியாப் போச்சு" என்றேன். "போகல, தூங்கிட்டு இருந்துச்சு" என்றார்.

அந்த 'சரியாப் போச்சு'தான் முதல் தவறு. நியூசிலாந்தின் டுனேடின் நகரில் 1972-73-இல் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. மூச்சு பற்றிய முழுத் தகவல் கிடைத்த 613 பேரில் சுமார் 27 சதவீதத்தினருக்கு வீசிங் நின்றது, 26 வயது வரை திரும்பவில்லை. 12 சதவீதத்தினருக்கு நின்று, மறுபடி வந்தது. அதாவது, நின்றுபோனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு 26 வயதுக்குள்ளேயே திரும்பிவிட்டது. மிகச் சிறு வயதில் தொடங்கியவர்கள், வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளால் அலர்ஜி உள்ளவர்கள் ஆகியோருக்கு அப்படித் திரும்பும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பெண்களுக்கும், 21 வயதில் புகைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் வீசிங் விடாமல் தொடரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

ஏன் அடங்குகிறது? பிள்ளை வளரும்போது மூச்சுக்குழாயும் அகலமாகிறது. சந்தில் ஒரு மாட்டுவண்டி நின்றால் வழியே அடைபடும். அதே வண்டி ரதவீதியில் நின்றால் யார் கண்டுகொள்கிறார்கள்? உள்ளே வீக்கம் கொஞ்சம் இருந்தாலும் மூச்சு தாராளமாகப் போய்வரும். எந்தத் தொந்தரவும் இல்லாத இளைஞர்கள் சிலரின் மூச்சுக்குழாயிலிருந்து துளித் திசு எடுத்துப் பார்த்தபோதும் ஆஸ்துமாவுக்கு உரிய அழற்சி இருந்திருக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு 'வயசுக்கு வந்தா போயிடும்' என்பார்கள். இது பாதிகூடச் சரியில்லை. சிறு வயதில் ஆஸ்துமா ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். பருவ வயதுக்குப் பின் கணக்கு தலைகீழாகிப் பெண்களுக்கு அதிகமாகிறது.

இன்னொன்றும் இங்கே ஒளிந்திருக்கிறது. பலருக்கு 10, 12 வயதில் தானாகவே அடங்குகிற நோய் என்பதால், அந்த நேரத்தில் என்ன கொடுத்தார்களோ அதற்குப் பேர் கிடைத்துவிடும். ஒருவருக்கு ஜூன் மாதம் ஹைதராபாத் போய் விழுங்கிய மீன், இன்னொருவருக்கு ஏதோ ஊர்ப் பொடி. எங்கள் வீட்டில் பாட்டியின் ஆடாதோடைக் கஷாயம். 33 வயதில் மறுபடி வந்ததும் அம்மா முதலில் தேடியது அந்த இலையைத்தான். ஆடாதோடையைக் குறை சொல்லவில்லை. புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து அதன் வேதிப்பொருளிலிருந்து உருவானதுதான். ஆனால் சளியை இளக்குவது வேறு, மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைப்பது வேறு. பெயரும் சேர்மானமும் எழுதாத பொடி ஒரே வேளையில் அற்புதமாகக் கேட்டால் இன்னும் கவனம் தேவை. அப்படிச் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது தெரியவந்திருக்கிறது.

அடுத்து, பழைய முகத்தையே தேடுவது. குழந்தையாக இருந்தபோது நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. இப்போது விசில் இல்லையே, அப்படியானால் வீசிங் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரியவர்களுக்குப் பின்னிரவு இருமலாக மட்டும் வரலாம். வாய்விட்டுச் சிரித்தால் இருமல், மாடிப்படி ஏறினால் நெஞ்சில் கட்டுப் போட்ட மாதிரி இறுக்கம், ஜலதோஷம் போய் 2 வாரமாகியும் இறங்காத நெஞ்சுச்சளி என்றும் வரலாம். எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனைதான் வேண்டும். மருந்துக்கு முன்பும் பின்பும் ஊதி, முதல் ஒரு நொடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவுக்கு நல்ல சாட்சி. நன்றாக இருக்கும் நாளில் போய் ஊதினால் நார்மல் என்றே வரலாம், அதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவியான பீக் ஃப்ளோ மீட்டரை வீட்டில் வைத்து 2 வாரம் காலையும் மாலையும் ஊதிக் குறித்தால் ஏற்ற இறக்கம் பிடிபடும்.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. 50 வயதுக்காரர் மூச்சு வாங்கினால் "பழைய இளைப்புதான்" என்று வீட்டில் கிடக்கும் இன்ஹேலரை எடுத்துக் கொடுப்பது. அது இதயமாக இருக்கலாம், பல வருட பீடியாக இருக்கலாம். 2 வாரத்துக்கு மேல் இருமல் என்றால் நம் நாட்டில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

என்னைக் கேட்டால், மிக ஆபத்தானது சொல்லாமல் விடுவதுதான். வேறு நோய்க்குப் போகும்போது "வேற ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்கிறோம். 20 வருடத்துக்கு முந்தைய வீசிங்கை யார் சொல்வார்கள்? ஆனால் ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் எழுதும் ப்ரோப்ரனோலால் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியது. கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் அப்படியே. கண்ணில் விடும் சொட்டு நெஞ்சை என்ன செய்யும் என்று தோன்றும், செய்யும். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் ஆஸ்துமா உள்ள சிலருக்கு இளைப்பைக் கிளப்பிவிடும். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

கல்யாணப் பேச்சில் மறைப்பது இதன் நீட்சி. புகுந்த வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று இன்ஹேலரைக் கைப்பைக்குள் ஒளித்து, பாத்ரூமில் போய் இழுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கர்ப்பமானதும் "குழந்தைக்கு ஆகாது" என்று அதையும் நிறுத்திவிடுகிறார்கள். கர்ப்ப காலத்தில் மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்கு ஆஸ்துமா கூடுகிறது, இன்னொரு பங்குக்குக் குறைகிறது, மீதிப் பேருக்கு அப்படியே இருக்கிறது. கருவுக்கு மருந்தைவிட அம்மாவின் மூச்சுத்திணறல்தான் கேடு.

சரி, இன்ஹேலர். "பழகிப்போயிடும், மாத்திரை போதும்" என்பது இன்னும் சாகாத பேச்சு. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். 2 பஃப் இழுத்தால் மாத்திரையில் இருபதில் ஒரு பங்கு மருந்துதான், அதுவும் நேராக நெஞ்சுக்கு. கை நடுங்கி நெஞ்சு படபடக்க எதில் வாய்ப்பு அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

அதே சமயம் நீல நிறத்தில் வரும் அந்தச் சால்புட்டமால் இன்ஹேலரை மட்டும் நம்புவதும் தப்பு. சுருங்கிய குழாயை அது விரிக்கும், வீக்கத்தைத் தொடாது. ஜினா எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழு 2019-இலேயே, 12 வயது முதல் யாருக்கும் இதை மட்டும் கொடுக்க வேண்டாம், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. 200 பஃப் கொண்ட நீலக் குப்பி வருடத்துக்கு 3 தீர்ந்தால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். தேறிய உடனே ஸ்டீராய்டு இன்ஹேலரை நாமாக நிறுத்துவதைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு: 5 வாரம் தாங்கியது.

இழுக்கும் முறையிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்ப்ரே வகையை மெதுவாக, நீளமாக இழுத்து 10 நொடி அடக்க வேண்டும். கேப்சூல் போட்டு இழுக்கும் பொடி வகையை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

வீட்டுப் பக்கம் கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, போகிப் புகை, பழைய பஞ்சு மெத்தை என்று பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் போவது வேலை. பெயின்ட் அடிக்கும் பட்டறை, மாவு மில், மரவேலை என்று புதிதாகச் சேர்ந்தபின் இருமல் தொடங்கி, ஊருக்குப் போன லீவு நாட்களில் நன்றாக இருந்தால், அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

"விடியட்டும், பார்த்துக்கலாம்" என்பதும் பெரிய தவறு. ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, கழுத்துத் தசை இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, இன்ஹேலர் இழுத்தும் கேட்கவில்லை என்றால் விடியும்வரை பொறுக்கக் கூடாது. இரைச்சல் திடீரென்று அடங்கி ஆள் சோர்ந்தாலும் தேறிவிட்டதாக நினைக்காதீர்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம். 108-ஐ அழைத்துவிட்டு, படுக்கவைக்காமல் நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் பிளாஸ்டிக் குழல்) வழியாக நீல இன்ஹேலரை அரை நிமிடத்துக்கு ஒரு பஃப்பாக 10 வரை கொடுத்துக்கொண்டிருங்கள்.