சைக்கிளில் அடுத்த ஊருக்கு: முதலில் பாலத்தைப் பாருங்கள்

இரண்டு ஊர்களுக்கு நடுவே ஆறு இருந்தால், வழியைப் பாலத்திலிருந்து இரு பக்கமும் வரையுங்கள். சாலைகளுக்கு மாற்று கிடைக்கும், பாலத்துக்குக் கிடைப்பது அரிது.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், சைக்கிள் ஓட்டுபவர்களுக்கான சைக்ளோஎஸ்எம் (CyclOSM) அடுக்கில் சைக்கிள் பாதைகள் தனியாகத் தெரியும். அதில் கோடு இருக்கிறதே என்று நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். இணைய வரைபடத்தின் தெருக்காட்சிப் படத்தில் (ஸ்ட்ரீட் வியூ) பாலத்தின் இரு முனைகளையும் பாருங்கள். ஆபத்து பெரும்பாலும் நடுவில் இல்லை. வேகமாக வரும் வண்டிகள் இடப்பக்கமோ வலப்பக்கமோ பிரிந்து இறங்கும் இடத்தில்தான். பாதை படிக்கட்டில் முடிகிறதா, எதிர்க்கரையில் சாலையைக் கடக்க சிக்னல் உண்டா, இரவில் பாதையின் கதவைப் பூட்டுவார்களா என்பதும் முக்கியம்.

பாலத்தின் இணைப்பு இடைவெளிகளில் மெல்லிய டயர் சிக்கிக்கொள்ளும். 32 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமான டயர் நல்லது. இடைவெளியை நேர் குறுக்காகக் கடந்து செல்லுங்கள், மழையில் அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள். இரும்புத் தகடு சோப்பாக வழுக்கும்.

வழி காட்டும் செயலி சொல்லும் ஏற்ற இறக்கத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்: பல செயலிகள் பாலத்தை விட்டுவிட்டுக் கீழே உள்ள தரையின் உயரத்தைக் கணக்கிடும்.

முதல் பயணத்தை ஞாயிறு அதிகாலையில், காற்று குறைவான நாளில் வையுங்கள். நெரிசல் நேரத்தில் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள். அதே பாலம் அப்போது வேறு மாதிரி இருக்கும்.