ஒயிட் சாக்லேட் சத்துக் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாவுருண்டையும் மனகோலமும் போன பெட்டிகளில் இப்போது முந்திரி பதித்த ஒயிட் சாக்லேட்டும் போகிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டிலேயே செய்து விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். கைப்பக்குவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியில் ஒட்டுகிற சத்து அட்டவணையில்தான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். கூட்டல் பிழை, எழுத்துப் பிழையெல்லாம் யாராவது ஒருமுறை சிரித்தாலே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

முதலில் எண்கள். அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியல்படி 100 கிராம் ஒயிட் சாக்லேட்டில் 539 கிலோ கலோரி, கொழுப்பு 32 கிராம் (அதில் நிறைவுற்றது 19), சர்க்கரை 59 கிராம், புரதம் 6 கிராம், கால்சியம் 199 மில்லிகிராம்.

டார்க் சாக்லேட்டின் பெருமையை இதற்குச் சூட்டுவது

'இரும்புச் சத்து நிறைந்தது', 'இதயத்துக்கு நல்லது' என்றெல்லாம் அட்டையில் எழுதிவிடுகிறார்கள். கோகோ விதையைப் பிழிந்தால் வெண்ணெய் ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம் பிரியும். சத்தெல்லாம் அந்தக் கருஞ்சக்கையில்தான் தங்குகிறது. ஒயிட் சாக்லேட்டுக்கு வெண்ணெய் மட்டும்தான் வருகிறது. 70 சதவீதத்துக்கு மேற்பட்ட டார்க் சாக்லேட்டில் 100 கிராமுக்குச் சுமார் 12 மில்லிகிராம் இரும்பும் 11 கிராம் நார்ச்சத்தும் உண்டு. ஒயிட் சாக்லேட்டில் இரும்பு கால் மில்லிகிராம்கூடத் தேறாது, நார்ச்சத்து 0.2 கிராம்.

வெள்ளையாக இருப்பதால் பால் என்று நினைப்பது

200 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவை ஒயிட் சாக்லேட்டில் பெறக் குழந்தை 120 கிராம் தின்ன வேண்டும். கூடவே 650 கிலோ கலோரியும் 71 கிராம் சர்க்கரையும் உள்ளே போகும். பால் குடிக்க மறுக்கும் பிள்ளைக்கு இது மாற்று ஆகாது.

காஃபீன் பயம்

இதில் காஃபீன் இல்லை. அடுத்தது.

காம்பவுண்டை ஒயிட் சாக்லேட்டாகக் கணக்கில் எடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது.

மே மாதம் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குள் இளகிவிடும். ஆர்டர் எடுத்தவர் கடைக்குப் போய் நின்றால், "ஆச்சி, இது வெயிலுக்குத் தாங்கும், விலையும் கம்மி" என்று ஒரு ஸ்லாபை எடுத்து வைப்பார்கள். அது ஒயிட் காம்பவுண்டு, கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பில் செய்தது. டெம்பரிங் (உருக்கிய சாக்லேட்டைப் பக்குவமாக ஆற்றி, மறுபடி லேசாகச் சூடாக்குவது) தேவையில்லை, உருக்கி ஊற்றினால் மோல்டிலிருந்து பளபளவென்று கழன்று வரும். அதை வாங்குவதும் தப்பில்லை, விற்பதும் தப்பில்லை. வீட்டுக்கு வந்து, இணையத்தில் ஒயிட் சாக்லேட்டின் எண்களைத் தேடி எடுத்து, அதைக் காம்பவுண்டுப் பெட்டியில் அச்சடிப்பதுதான் தப்பு.

கலோரி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் யார் கண்ணிலும் படாது. மாறுவது கொழுப்பின் வகை. கோகோ வெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 60 சதவீதம். அதில் பாதிக்கு மேல் ஸ்டியரிக் அமிலம், அது கெட்ட கொலஸ்ட்ராலைப் பெரிதாக ஏற்றுவதில்லை. காம்பவுண்டில் பெரும்பாலும் பாம் கெர்னல் எண்ணெய், அதாவது எண்ணெய்ப்பனையின் பருப்பிலிருந்து எடுப்பது. அதில் நிறைவுற்ற கொழுப்பு 80 சதவீதத்துக்கும் மேல். மொத்த எண்ணெயில் முக்கால்வாசி, கொலஸ்ட்ராலை ஏற்றும் வகை. 32 கிராம் கொழுப்பும் அதுவாகவே இருந்தால் நிறைவுற்றது மட்டும் 26 கிராம் வரும். அட்டையில் 19 என்று இருக்கும். நம் நாட்டு லேபிள் விதிப்படி ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்ளும் கணக்கே 22 கிராம்தான்.

தேவகோட்டையில் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்கு 300 பெட்டி. ஒட்டி முடித்த பிறகு வீட்டுக்காரர் ஸ்லாபின் உறையைப் படித்துவிட்டார். பந்தியில் பாதிப் பேர் இதய மாத்திரை சாப்பிடுகிறவர்கள். 300 ஸ்டிக்கரையும் இரவோடு இரவாகக் கிழித்து ஒட்டினார்கள். அட்டை கிழிந்த பெட்டிகளின் செலவு, சாக்லேட் செய்து கொடுத்தவர் தலையில்.

வாங்கும்போதே உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். சேர்மானங்கள் எடை வரிசையில் இருக்கும். 'கோகோ பட்டர்' என்று இருக்க வேண்டும். 'ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்', 'பாம் கெர்னல்' என்று இருந்தால் அது காம்பவுண்டு. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி ஒயிட் சாக்லேட்டில் குறைந்தது 20 சதவீதம் கோகோ வெண்ணெயும் 14 சதவீதம் பால் திடப்பொருளும் வேண்டும். பாலித்தீன் பையில் உடைத்துக் கொடுக்கும் உதிரியை வாங்கினால், மூல உறையைப் படம் எடுத்துக்கொள்ளாமல் சத்து அட்டவணை எழுதவே கூடாது. நிறமும் காட்டிக்கொடுக்கும்: கோகோ வெண்ணெய் இளமஞ்சள், செட்டிநாட்டுச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி பளீரென்று இருந்தால் சந்தேகப்படலாம். நாக்கில் வைத்தால் நல்லது சட்டென்று கரையும், காம்பவுண்டு மெழுகாக மேலண்ணத்தில் ஒட்டும்.

எண்களை அந்த ஸ்லாபின் உறையிலிருந்தே எடுங்கள்.

வெயிலுக்குப் பயந்துதான் காம்பவுண்டு என்றால், நல்ல சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் போகாமல் உருக்கி, 26க்கு இறக்கி, 28–29ல் மோல்டில் ஊற்றுங்கள். விடியற்காலையில் வேலையை முடித்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்து அனுப்பினால் தாங்கும். மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரம் கோத்துச் சர்க்கரை பூத்துவிடும்.

கவுனி அரிசியின் மேல் ஊற்றுகிறவர்கள்

கறுப்பின் மேல் வெள்ளை, பார்க்க அழகுதான். ஆனால் கவுனிக்குப் போடும் சர்க்கரையும் நெய்யும் அப்படியே இருக்க, மேலே 100 கிராம் ஒயிட் சாக்லேட் ஊற்றினால் 59 கிராம் சர்க்கரையும் 32 கிராம் கொழுப்பும் கூடுகின்றன. உள்ளே 60 கிராம் சர்க்கரையையும் இரண்டு மேசைக்கரண்டி நெய்யையும் குறையுங்கள். திகட்டலும் போகும்.

இன்னொன்று: அரிசி தண்ணீர் குடித்துப் பெருகும். மொத்தச் சத்தைப் பச்சை எடையால் வகுத்தால் கணக்கு கெட்டுவிடும். பாத்திரத்தின் வெற்று எடையை முதலிலேயே குறித்துக்கொண்டு, வெந்து இறக்கிய எடையால் வகுக்க வேண்டும்.

கப்பில் அளப்பது

ஒரு கப் ஒயிட் சிப்ஸ் 170 கிராம், 916 கிலோ கலோரி. தராசு வாங்குங்கள்.

'சுகர் ஃப்ரீ' என்று எழுதுவது

சர்க்கரைக்குப் பதிலாக மால்டிடால் என்ற இனிப்பூட்டி போட்ட ஸ்லாபிலும் பால் பவுடர் இருக்கிறது. 100 கிராமில் 25 கிராம் முழுக்கொழுப்புப் பால் பவுடர் என்றால் லாக்டோஸ் மட்டும் 9 கிராமுக்கு மேல் வரும், அதுவும் சர்க்கரைதான். மால்டிடாலும் இரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும், கூடுதலாகத் தின்றால் வயிற்றைக் கலக்கும். அட்டையில் 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று எழுதலாம். 'சர்க்கரையே இல்லை' என்று எழுதக் கூடாது.