கியர் ஆயில் காபி நிறமானால்: அவுட்போர்டு கியர் கேஸை நீங்களே சர்வீஸ் செய்வது எப்படி

எஞ்சின் மூடியைத் திறந்து பிளக்கைத் துடைக்க எல்லோருக்கும் தெரியும். தண்ணீருக்குள்ளேயே கிடந்து புரொப்பெல்லரைச் சுற்றும் பற்சக்கரப் பெட்டியான கியர் கேஸைத்தான் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம் கரைகளில் ஃபைபர் படகு அலையோடு வந்து நேராக மணலில் ஏறுகிறது. ஏறும் அந்தக் கடைசி நொடிகளில் எஞ்சின் உறிஞ்சுவது மணல் குழம்புதான். மழைக்காலத்தில் பெண்ணையாறும் கெடிலமும் கொண்டுவந்து தள்ளும் வண்டல் வேறு. நம் பக்கத்தில் கியர் கேஸைக் கெடுப்பவை இரண்டு: மணல், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பைத் தின்கிறது; தங்கூசி எனும் நைலான் தூண்டில் நரம்பு, ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை அறுக்கிறது. இரண்டையும் பார்த்துச் சரிசெய்ய ஒரு காலைப்பொழுது போதும்.

கீழே சொல்வது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும், 8 முதல் 15 ஹெச்.பி. வரையிலான அவுட்போர்டு எஞ்சின்களை வைத்து. 40 ஹெச்.பி.யிலும் வேலை இதேதான், போல்ட்டும் ஆயில் அளவும் கூடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

புது எஞ்சினில் முதல் கியர் ஆயிலை 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகே மாற்ற வேண்டும். பிறகு 100 மணி நேரம் அல்லது 6 மாதம் என்று கையேட்டில் இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 6 மாதக் கணக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் படகை இறக்குகிறவருக்கு. தினம் 4 மணி நேரம் எஞ்சினை ஓட்டி, மாதம் 25 நாள் கடலுக்குப் போகிறவருக்கு ஒரே மாதத்தில் 100 மணி முடிந்துவிடும். தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லருக்கு 200 மணி என்று போட்டிருந்தால் அது இரண்டு மாதம். மணலில் ஏறும் படகுக்கு அதையும் குறைத்துக்கொள்வதே நல்லது. எஞ்சின் மூடியின் உட்பக்கம் ஒரு பிளாஸ்டர் ஒட்டி, மாற்றிய தேதியை பால்பாயின்ட் பேனாவில் எழுதிவையுங்கள்.

வேலைக்கு வேண்டியவை

எஸ்.ஏ.இ. 90 ஹைபாய்டு கியர் ஆயில் அரை லிட்டர் வாங்குங்கள். 9.9, 15 ஹெச்.பி. எஞ்சின்கள் பலவற்றுக்கு 250 மில்லி பிடிக்கும், மிச்சம் அடுத்த முறைக்கு. எஞ்சின் ஆயில், இரண்டு ஸ்ட்ரோக் ஆயில் எதையும் இதற்குப் பதிலாக ஊற்றக்கூடாது. பல்லும் பல்லும் அழுத்தி உரசும் இடத்தில் அவை தாங்காது. திருகுகளுக்குப் புது வாஷர் இரண்டு, இம்பெல்லர் கிட் ஒன்று, புரொப்பெல்லர் நட் கழலாமல் பிடிக்கும் காட்டர் பின் புதிதாக ஒன்று, மரைன் கிரீஸ், பனியன் வேஸ்ட், பெரிய தட்டை முனை ஸ்க்ரூ டிரைவர், பாக்ஸ் ஸ்பானர் செட். ஆயில் ஏற்றும் பம்பு இல்லையென்றால் கூர்மூக்கு உள்ள பிளாஸ்டிக் சாஸ் பாட்டில் போதும். மூக்கை ஓட்டையின் அகலத்துக்கு வெட்டி, சோப்பு போட்டுக் கழுவி, முழுதாகக் காயவைத்துவிட்டு ஆயிலை ஊற்றுங்கள்.

எஞ்சினைப் படகிலிருந்து இறக்கி ஒரு மரச் சட்டத்தில் நேராக மாட்டுங்கள். சாய்ந்திருந்தால் ஆயில் அளவு தப்பும். வேலை தொடங்கும் முன் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். கையால் புரொப்பெல்லரைத் திருப்பும்போது எஞ்சின் பற்றிக்கொண்டால் விரல் போய்விடும்.

1. புரொப்பெல்லரைக் கழற்றுங்கள்

காட்டர் பின்னைக் கட்டிங் பிளேயரால் நிமிர்த்தி இழுங்கள். நட் சுற்றும்போது புரொப்பெல்லரும் கூடவே சுற்றினால் இறகுக்கும் மேலே உள்ள தட்டைத் தகட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில், எந்த முகம் எந்தப் பக்கம் வருகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். உள்ளே இருக்கும் தடித்த வாஷரின் ஒரு பக்கம் சாய்வாக இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் புரொப்பெல்லர் கியர் கேஸோடு உரசும்.

இப்போது ஷாஃப்ட் கியர் கேஸுக்குள் நுழையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தங்கூசி சுற்றியிருந்தால் முதல் பார்வைக்குத் தெரியாது. சூட்டில் உருகி, ஒரு கறுத்த வளையம் மாதிரி ஷாஃப்ட்டோடு ஒட்டிக்கிடக்கும். பிளேடால் சுரண்டாதீர்கள், சீலின் உதடு கிழியும். நகத்தாலோ மூங்கில் குச்சியாலோ நுனியைக் கிளப்பி, சுற்றின் எதிர்த்திசையில் உரித்து எடுங்கள். நரம்பு சீலுக்குள் இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்தில் ஆயிலைப் பாருங்கள்.

2. ஆயிலை இறக்குங்கள்

முந்தைய நாள் ஓடிய எஞ்சினை ராத்திரி முழுக்க நேராக நிற்கவிட்டு, காலையில் இறக்குவது நல்லது. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் கொஞ்சமாவது கீழே தங்கியிருக்கும். திருகைத் தளர்த்தியதும் முதல் சொட்டிலேயே தெரிந்துவிடும்.

அடியில் ஒரு திருகு, மேலே தட்டைத் தகட்டுக்குக் கீழே ஒரு திருகு. டப்பாவை வைத்துக் கீழ்த் திருகை முதலில் எடுங்கள், பிறகு மேல் திருகு. மேலே திறந்ததும் காற்று புகுந்து ஆயில் தடையில்லாமல் இறங்கும். திருகு அசையவில்லையா? முனை சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, அதன் தலையில் சுத்தியால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திருகுங்கள். சிறிய முனையால் முயன்று திருகின் வாயைக் கெடுத்தால் அப்புறம் லேத்துக்குத்தான் போக வேண்டும்.

டப்பாவில் இறங்கிய ஆயில் என்ன சொல்கிறது?

தேன் மாதிரியோ லேசான கருப்பாகவோ இருந்தால் நல்லது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் நாள் தாண்டிவிட்டீர்கள். பால் விட்ட காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது ஆயிலை ஊற்றி மறைத்துவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள், பேரிங் துருப்பிடிக்க நிறைய நாள் எடுக்காது. பல எஞ்சின்களில் கீழ்த் திருகின் முனையில் சிறு காந்தம் இருக்கும். அதில் மைப்பூச்சு போலக் கறுப்புப் பொடி ஒட்டியிருப்பது சாதாரண தேய்மானம். துடைத்துவிடுங்கள். அரிசி நொய் அளவுக்கு இரும்புச் சில்லு ஒட்டியிருந்தால் கியர் பல் உடைகிறது. அத்தோடு உங்கள் வேலையை நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். கியரைக் கழற்றிச் சேர்ப்பதில் நூல் கனத்துக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை அளந்து போட வேண்டியிருக்கிறது. அளவுக் கருவி இல்லாமல் அதில் கைவைப்பதைவிட வைக்காமல் இருப்பதே காசு மிச்சம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பெரிய ரிப்பேர் என்று பயப்படும் முன் திருகு வாஷரைப் பாருங்கள். பழைய வாஷரையே மறுபடி மறுபடி போட்டிருந்தால் கசிவு அங்கேயே இருக்கலாம். அடுத்த சந்தேகம் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல். அதற்கும் பிறகுதான் மேலே, எஞ்சினிலிருந்து இறங்கும் டிரைவ் ஷாஃப்ட்டின் சீலும் கியர் மாற்றும் கம்பியான கியர் ராடின் சீலும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆயிலை முழுதும் வடித்து, கீழ்த் திருகை மூடி, மேல் ஓட்டையில் புரி பொருந்தும் ஒரு நிப்பிளை மாட்டி, மீட்டர் வைத்த கைப் பம்பால் காற்று அடியுங்கள். 14 பவுண்டுக்கு மேல் போகவே கூடாது. பஞ்சர் கடை கம்ப்ரசரில் கொண்டுபோய் மாட்டினால் நல்ல சீலும் பிதுங்கி வெளியே வந்துவிடும். சோப்புத் தண்ணீரை ஷாஃப்ட் ஓரம் எல்லாம் தடவிவிட்டு, ஷாஃப்ட்டை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நுரை கிளம்பும் இடம்தான் ஓட்டை. மீட்டர் முள் 10 விநாடியாவது அசையாமல் நின்றால் கியர் கேஸ் நன்றாக இருக்கிறது.

புரொப்பெல்லர் சீல் போயிருந்தால், அது உட்கார்ந்திருக்கும் பேரிங் கூட்டைச் சிறிய எஞ்சின்களில் இரண்டு போல்ட்டைக் கழற்றி இழுத்து எடுக்கலாம். உப்பு இறுகி வர மறுத்தால் மரக்கட்டை வைத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டுங்கள், ஒரே பக்கம் நெம்பினால் அலுமினியம் விரியும். பழைய சீலின் உதடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படம் எடுத்துவிட்டுப் பிடுங்குங்கள். புதியதும் அதே திசை, உதட்டில் கிரீஸ் தடவி. ஷாஃப்ட்டில் சீல் உரசும் இடத்தில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நாலு நாளில் கசியும்.

3. இம்பெல்லர்

எஞ்சின் ஓடும்போது பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தாலே பம்பைச் சந்தேகப்பட வேண்டும். அதற்கு முன் அந்தத் துளையை ஒரு தங்கூசித் துண்டால் குத்திப் பாருங்கள். நாள்கணக்கில் கரையில் கிடந்த எஞ்சினில் அதற்குள் குளவி கூடு கட்டியிருக்கும். இம்பெல்லரைக் குறை சொல்லி எஞ்சினைப் பிரித்த பிறகு இது தெரியவந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

பம்பு கியர் கேஸின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. கியர் கேஸை இறக்க முதலில் கியர் ராடு இணைப்பைக் கழற்ற வேண்டும். பல சிறிய எஞ்சின்களில் நடுக்காலின் பக்கத்தில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதற்குள் இணைப்பு நட்டும் லாக் நட்டும் இருக்கும். எத்தனை புரி உள்ளே போயிருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது ரிவர்ஸ் விழாது. பிறகு பக்கத்துப் போல்ட்டுகள். எல்லாவற்றையும் கழற்றியும் இறங்க மறுத்தால் நெம்பாதீர்கள். சில மாடல்களில் புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் சிறு துடுப்பைக் கழற்றினால் அதற்குள் ஒரு போல்ட் ஒளிந்திருக்கும்.

பம்பு மூடியைத் திறந்ததும் இம்பெல்லரைப் பாருங்கள். நல்ல இம்பெல்லரின் இதழ்கள் நேராக நிமிரும். கெட்டது ஒரே பக்கம் வளைந்து மரத்துப்போயிருக்கும், இதழ் நுனி மணலில் உரசி வழவழப்பாகியிருக்கும். இதழ் ஏதாவது உடைந்து காணவில்லை என்றால் அதைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். மேலே போகும் தண்ணீர்க் குழாயில்தான் சிக்கியிருக்கும். அதை விட்டுவிட்டுப் புது இம்பெல்லர் போட்டால் எஞ்சின் மறுபடியும் சூடாகும். அடித் தகட்டை நகத்தால் வருடிப் பாருங்கள். வரிவரியாகத் தட்டுப்பட்டால் தகட்டையும் மாற்றுங்கள். மணற்கரைப் படகுகளில் இம்பெல்லரை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

இம்பெல்லரை ஷாஃப்ட்டோடு பூட்டும் சின்னச் சாவித் துண்டு மணலில் விழுந்தால் கிடைக்காது, கீழே ஒரு துணி விரித்து வேலை செய்யுங்கள். புது இம்பெல்லரில் சோப்புத் தண்ணீர் தடவி, மூடியை அழுத்திக்கொண்டே டிரைவ் ஷாஃப்ட்டை மேலிருந்து பார்த்து வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். இதழ்கள் தாமாகச் சரியான பக்கம் மடங்கும். எதிர்ப்பக்கம் சுற்றவே வேண்டாம்.

மாட்டும்போது டிரைவ் ஷாஃப்ட்டின் பக்கவாட்டுப் பற்களில் கிரீஸ் தடவுங்கள், உச்சி முகத்தில் தடவாதீர்கள். அங்கே கிரீஸ் இருந்தால் ஷாஃப்ட் கிராங்கில் முழுதாக இறங்காமல் முட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர்க் குழாய் பம்பு மூடியின் ரப்பர் ஓட்டைக்குள் இறங்கியதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் தவறுவது இங்கேதான். இடைவெளி கை அழுத்தத்திலேயே மூட வேண்டும். போல்ட்டால் இழுத்து மூடினால் ஏதோ ஒன்று உடையும். போல்ட் ஒவ்வொன்றுக்கும் மரைன் கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை உப்பு பிடித்து உடையாது.

நியூட்ரலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சும்மா சுற்ற வேண்டும், முன் கியரில் பிடிக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் அடுத்த வேலை.

4. ஆயிலைக் கீழிருந்து ஏற்றுங்கள்

மேல் ஓட்டை வழியாக ஊற்றினால் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். நிரம்பியது போல வழியும், பாதிதான் இருக்கும். அதனால் பாட்டில் மூக்கைக் கீழ் ஓட்டையில் வைத்து மெதுவாக அமுக்குங்கள். மேல் ஓட்டையில் குமிழி வருவது நின்று சுத்தமான ஆயில் வழியும் வரை விடாதீர்கள். முதலில் மேல் திருகைப் புது வாஷரோடு மூடுங்கள். அப்போதுதான் பாட்டிலை எடுக்கும்போது ஆயில் கொட்டாது, நாலு சொட்டு போகும், அவ்வளவுதான். உடனே கீழ்த் திருகு. 9 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும், அதாவது ஸ்க்ரூ டிரைவரில் ஒரு கையால் திடமாகத் திருகுவது. பழைய ஆயிலை மணலில் கொட்டாமல் டப்பாவில் மூடி, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

கியர் கேஸுக்குப் பதிலாகத் தான் கரையும் துத்தநாகத் துண்டான அனோடையும் இதே கையோடு பார்த்துவிடுங்கள். பாதி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது, கியர் கேஸ் அலுமினியம்தான் கரையும்.

ஸ்டெர்ன்டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு

எஞ்சின் படகுக்குள்ளும் கால் வெளியிலும் இருக்கும் ஸ்டெர்ன்டிரைவிலும் ஆயில் பார்ப்பது, கீழிருந்து ஏற்றுவது, இம்பெல்லர் எல்லாம் ஒன்றுதான். ஆயில்தான் அதிகம், மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் இரண்டாம் தலைமுறைக்கு ஏறக்குறைய 1.9 லிட்டர். கூடுதலாக வருடம் ஒருமுறை பார்க்க வேண்டியது, காலையும் படகையும் இணைக்கும் மடிப்பு ரப்பர் பெல்லோஸ். மடிப்பை விரித்துப் பாருங்கள், வெடிப்பு உள்மடிப்பில்தான் தொடங்கும். அது கிழிந்தால் தண்ணீர் படகுக்குள்ளேயே வரும். காலைக் கழற்றி எடுத்தால் திரும்ப மாட்டும் முன் எஞ்சின் நேர்க்கோட்டை அதற்கான கம்பி போட்டுச் சரிபார்க்க வேண்டும். கம்பி இல்லாதவர்கள் காலைக் கழற்ற வேண்டாம்.

5. ஓட்டிப் பாருங்கள்

பாதியாக வெட்டிய 200 லிட்டர் பீப்பாயில் நல்ல தண்ணீரை நிரப்பி, தட்டைத் தகடு மூழ்கும் வரை எஞ்சினை இறக்குங்கள். தண்ணீர் இல்லாமல் சும்மா ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கலாம் என்று தொடங்காதீர்கள், புது இம்பெல்லர் சில விநாடியில் கருகும். பிளக் வயரை மாட்டி நியூட்ரலில் ஸ்டார்ட் செய்ததும் பக்கத் துளையில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் வராவிட்டால் அணைத்துவிட்டுக் குழாய் ரப்பரில் இறங்கியதா என்று திரும்பப் பாருங்கள். 10 நிமிடம் ஓடட்டும், உள்ளே இருக்கும் உப்பும் மணலும் கழுவிப் போகும். பிறகு புரொப்பெல்லரை, ஷாஃப்ட்டில் கிரீஸ் தடவி, புது காட்டர் பின்னோடு மாட்டுங்கள்.

ஒரு முறை கடலுக்குப் போய்வந்து, எஞ்சினை ராத்திரி முழுக்க நேராக நிறுத்துங்கள். காலையில் கீழ்த் திருகை அரைச் சுற்று தளர்த்தி, கசியும் நாலு சொட்டை வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். ஊற்றிய நிறமே இருந்தால் திருகை இறுக்கிவிட்டு வலையை ஏற்றலாம். வெளுத்திருந்தால் சோப்புத் தண்ணீரை மறுபடி கலக்குங்கள்.