பாங்காக் போகிறவர்கள் பேக் செய்ய மறப்பது

பாங்காக், பட்டாயா டூர் கிளம்புகிறவர்கள் தாய்லாந்துப் பணமான பாத் மாற்றுவதிலும் சிம் கார்டு வாங்குவதிலும் காட்டும் அக்கறையைப் பாலியல் நலத்தில் காட்டுவதில்லை. யார் யாருடன் போகிறார்கள் என்ற பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். நான் பார்த்தவரை, பெரும்பாலான சிக்கல்கள் தாமதத்தால் வருபவை.

முதல் தாமதம் ஊரிலேயே நடக்கிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி உடலுறவிலும் பரவும், தடுப்பூசியும் உண்டு. ஆனால் 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. கிளம்ப ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் 0, 7, 21ஆம் நாள் என்ற அவசர அட்டவணையை டாக்டரிடம் கேளுங்கள். ஒரு வருடம் கழித்து நான்காவது ஊசி போட வேண்டும்.

ஆணுறையை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். பர்ஸிலும் பேன்ட் பாக்கெட்டிலும் வைத்தால் சூட்டிலும் உராய்விலும் கெட்டுவிடும். மசாஜ் எண்ணெய், தேங்காய் எண்ணெய், வாசலின் மூன்றுமே லேடெக்ஸ் (ரப்பர்) ஆணுறையைச் சில நிமிடங்களில் பலவீனமாக்கும். பாதுகாப்பு கூடும் என்று இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் கிழியும் வாய்ப்புதான் கூடும்.

சரி, ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது போதையில் போடவே இல்லை. பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று மிச்ச டூரை முடிக்கிறார்கள். ஹெச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் பெப் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அப்புறம் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஐந்து நாள் டூரின் முதல் இரவில் நடந்ததற்கு, விமானம் ஏறும்போது அந்தக் கெடு முடிந்திருக்கும். பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் 1991 முதல் பெயர் கேட்காமலே பரிசோதிக்கும் மையத்தை நடத்துகிறது. அங்கேயோ ஏதாவது பெரிய மருத்துவமனையிலோ போய்க் கேட்கலாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் கெடு 72 மணி நேரம்தான். வழக்கமான கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு ஒன்று: மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அது போடாததற்குச் சமம்.

எரிச்சல், சீழ் என்று அறிகுறி வந்ததும் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது அடுத்த தவறு. 2018இல் இங்கிலாந்தில் ஒருவருக்குக் கண்டறியப்பட்ட கொனோரியா என்ற பால்வினை நோய், அப்போது வழக்கமாகத் தந்த இரண்டு மருந்துகளுக்கும் மசியவில்லை. தென்கிழக்கு ஆசியாவில் தொற்றியது அது. கடைசியில் நரம்பு வழியே எர்டாபெனம் என்ற ஆன்டிபயாடிக்கை ஏற்றிக் குணப்படுத்தினார்கள்.

பால்வினை நோய் அறிகுறியே இல்லாமலும் இருக்கும், குறிப்பாகக் கிளமிடியா என்ற தொற்று. ஊர் திரும்பிய மறுநாளே ஹெச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்து, 'நெகட்டிவ்' என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அதற்குள் தொற்று தெரியாது. ஆறு வாரத்தில் ஒரு முறை, மூன்று மாதத்தில் மறுமுறை பாருங்கள். பெப் சாப்பிட்டவர்கள் அதை முடித்த நாளிலிருந்து எண்ண வேண்டும். சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கும் சேர்த்தே டெஸ்ட் கேளுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியமும் காப்பார்கள். விவரம் கேட்க 1097க்குப் போன் செய்யலாம். மூன்று மாத முடிவு வரும்வரை வீட்டில் துணையுடனும் ஆணுறை வேண்டும்.